ஐம்பத்தொன்று வந்தால் காலை எடு

மருமகனுடைய கார் போன மாதம் சுகவீனப்பட்டது. கைப்பேசியை எடுத்தான். நோயின் பெயர் வந்தது, நோய் எந்த உறுப்பில் என்பது வந்தது, அதே நோயால் அவதிப்படுகிறவர்களின் புலம்பல் வந்தது, புது உறுப்பு எந்தக் கடையில் மலிவு என்பதும் கூடவே வந்தது. கதிரையை விட்டு அவன் எழும்பவில்லை. அந்தக் காரின் பொனற்றைத் திறக்கும் பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். தெரியாதாம்.

“பி0420, மாமா. கற்றலிற்றிக் கொன்வேட்டர் போயிட்டுது. ரண்டாயிரத்துக்கு மேலே வரும்” என்றான். குரலில் கவலை இல்லை. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்ற திருப்தி மட்டும்தான் இருந்தது.

இவனுடைய தகப்பன், என் அத்தான், முப்பது வருஷத்துக்கு முன்னர் இதே ஸ்காபரோவில் ஒரு 1990ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா வைத்திருந்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் பீற்சா விநியோகம். ஒன்ராறியோவின் கேம்பிறிட்ஜ் என்ற ஊரில் ரொயோட்டா 1988இல் கொரோலா செய்யத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அத்தான் ஹயர் ஓடியது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜில். “அதுவும் கேம்பிறிட்ஜ், இதுவும் கேம்பிறிட்ஜ். நான் எங்கை போனாலும் விடாது” என்பார்.

ஒஸ்ரினுக்கு மூளை கிடையாது. அதை ஓட்டுகிறவர் தன் மூளையைக் கொடுக்கவேண்டும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து குடாநாட்டில் பெற்றோல் காணாமல் போனபோது ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்ப்பார்கள். கறுத்திருந்தால் எரிபொருள் கூட. வெளுத்திருந்தால் குறைவு. இளம் மண்ணிறம் என்றால் சரி. மண்ணெண்ணெய்க் காலத்தில் இளம் மண்ணிறத்தைக் கண்டவர் எவருமில்லை என்று அத்தான் சொல்லுவார். எல்லாருடைய பிளக்கும் கறுப்பு. ஆனாலும் கழற்றிப் பார்ப்பதை ஒருவரும் விடவில்லை.

அப்படிப்பட்டவரின் முன்னால் கொரோலா ஒருநாள் ஒரு சின்ன மஞ்சள் விளக்கை ஏற்றியது. எஞ்சினைச் சோதித்துப் பார் என்றது. எஞ்சினில் எதை என்று சொல்லவில்லை.

எங்கள் தொடர்மாடியில் இந்த விளக்கு எரியாத கார் குறைவு. பரவலாகக் கையாளப்பட்ட வைத்தியம் கறுப்பு ரேப். ஒரு துண்டு வெட்டி, மீற்றர்க் கண்ணாடியில் விளக்குக்கு நேரே ஒட்டிவிட்டால் தீர்ந்தது. வசதியுள்ளவர்கள் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மணித்தியாலக் கூலி வாங்கிக்கொண்டு ஒரு இரண்டு இலக்க எண்ணைச் சொன்னார்கள். அந்த எண்ணைக் கார் இலவசமாகவே சொல்லும் என்பது கராஜ்காரருக்குத் தெரியும், ரேப் ஒட்டினவர்களுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

உண்மையில் அந்த விளக்கை வைத்தவர்கள் காரோட்டிகளை நினைத்து வைக்கவே இல்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் கண் எரிய வைத்த புகைமூட்டத்துக்குக் காரணம் கார்களின் புகைதான் என்று கால்ரெக் பல்கலைக்கழகத்தின் ஆரி ஹாகன்-ஸ்மித் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். கார்க் கொம்பனிகள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிறகு கலிபோர்னியா காற்றுவள வாரியம் வந்தது. அவரே அதன் முதல் தலைவர். புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகளை எஞ்சினின் கொம்பியூற்றரே கண்காணிக்கவேண்டும், பிழை கண்டால் விளக்கேற்றி, எந்தப் பிழை என்பதற்கு ஓர் இலக்கத்தையும் ஞாபகத்தில் வைக்கவேண்டும் என்று அந்த வாரியம் சட்டம் போட்டது. 1988ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து நடைமுறை. சட்டத்துக்கு முன்பே, 1981இலிருந்து, ஜெனரல் மோட்டோர்ஸ் இப்படியொரு விளக்கை வைத்து வந்தது. ஆக, ஸ்காபரோவில் எரிந்த எங்கள் விளக்கு லொஸ் ஏஞ்சலிஸ்காரரின் நுரையீரலுக்காக ஏற்றப்பட்டது. நாங்கள் அதை எங்கள் பீற்சா ஆறிப்போகாமல் இருக்கப் பயன்படுத்தினோம்.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இலக்கம் வைக்கவேண்டும் என்றதே தவிர, எல்லாக் காரும் ஒரே விதமாக அதைச் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு கொம்பனியும் தன் இஷ்டப்படி ஒரு வழி செய்தது. எங்கள் நிலக்கீழ் தரிப்பிடத்தில் வரிசையாக நின்ற கார்கள் அவ்வளவும் வெவ்வேறு விதமாகத்தான் வாய் திறந்தன.

கவலியர் வைத்திருந்தவர் ஸ்ரேறிங்குக்குக் கீழே குனிந்து ஒரு சொருகியில் ஏ, பி என்ற இரண்டு துளைகளைக் கம்பியால் இணைக்கவேண்டும். அது முதலில் பன்னிரண்டு என்று மூன்று தரம் மின்னும். பன்னிரண்டின் அர்த்தம், எஞ்சினிலிருந்து சுழற்சிச் சைகை வரவில்லை என்பது. நிறுத்தி வைத்த எஞ்சினிலிருந்து எப்படி வரும்? அது பிழையே இல்லை. தன் வாய் வேலை செய்கிறது என்று காட்ட அது சொல்லும் முதல் வார்த்தை. இது தெரியாமல் டிஸ்ரிபியூற்றர் வாங்கி மாற்றினவர்கள் இருந்தார்கள். கிறைஸ்லர் வான்காரருக்குக் கம்பியும் தேவையில்லை. திறப்பை ஐந்து வினாடிக்குள் போட்டு, நிற்பாட்டி, போட்டு, நிற்பாட்டி, போட்டால் விளக்கு மின்னத் தொடங்கும். ஐம்பத்தைந்து வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஃபோர்ட்காரர் முள் ஆடும் பழைய வோல்ற்மீற்றர் ஒன்றை இரவல் வாங்கி, முள் எத்தனை தரம் துள்ளுகிறது என்று எண்ணினார். எண்பதுகளின் கடைசியில் வந்த ஹொண்டா சிவிக்கில் கொம்பியூற்றர் பக்கத்து இருக்கைக்காரரின் காலடியில் கம்பளத்துக்குக் கீழே கிடந்தது. அதன் முகத்திலேயே ஒரு சிவப்புப் பொட்டு மின்னியது. பனிக்காலத்தில் அந்தக் கம்பளத்தைத் தூக்குவதென்றால் கரைந்த பனியையும் உப்பையும் முதலில் வாரி வெளியே கொட்டவேண்டும்.

ரொயோட்டா இவற்றில் நாகரிகமானது. எஞ்சினுக்குப் பக்கவாட்டில் மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி. மூடியில் டயக்னோசிஸ் என்று எழுதியிருக்கும். நகத்தால் நெம்பினால் திறக்கும். மூடியின் உட்பக்கத்தில் எந்தத் துளைக்கு என்ன பெயர் என்று படமும் உண்டு. ரகசியம் என்று ஒன்றுமில்லை. மூடியைத் திறந்து பார்க்காதவர்களுக்குத்தான் அது ரகசியம்.

அத்தான் இதை நூலகத்தில் கண்டுபிடித்தார். ஹேன்ஸ், சில்ற்றன் கையேடுகள் அங்கே இருந்தன. பலபேருடைய ஒயில் விரல்கள் பட்டு, எந்தப் பக்கம் முக்கியம் என்பது புத்தகத்தை மூடி வைத்துப் பார்த்தாலே தெரியும். வேண்டிய பக்கத்தைப் படியெடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைக்கும் பீற்சாக் கூப்பனுக்கும் நடுவில் அது பல வருஷம் தொங்கியது. கருவி ஒரு பேப்பர் கிளிப். அதை நிமிர்த்தி யூ வடிவில் வளைத்து, ரி-ஈ-1 என்ற துளையையும் ஈ-1 என்ற துளையையும் இணைக்கவேண்டும். பக்கத்திலேயே பி-பிளஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் பற்றரியின் மின்சாரம் வரும். தவறி அதை ஈ-1 உடன் இணைத்தால் கார் பேசுவதற்குப் பதில் ஒரு பியூஸ் செத்துப்போகும். கையேடு இதைப் பெரிய எழுத்தில் எச்சரித்தது. அத்தான் கிளிப்பின் நடுப்பகுதிக்கு ரேப் சுற்றினார். விளக்கை மறைக்க ஊரார் வாங்கிய அதே கறுப்பு ரேப்.

தொடர்மாடியின் சட்டப்படி நிலக்கீழ் தரிப்பிடத்தில் கார் திருத்தக்கூடாது. பராமரிப்பாளர் ஒருநாள் வந்து கேட்டார். பொனற் திறந்திருக்கிறது, கையில் ரோச் லைற், ஆனால் ஒரு ஸ்பானர்கூடக் கிடையாது. நாங்கள் திருத்தவில்லை, லைற் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உள்ளதைச் சொன்னோம். குளிர்நாட்டுக்கு வந்து சனத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். பேசாமல் போனார்.

என் வேலை உள்ளே இருந்து எண்ணுவது.

“திறப்பைப் போடு. ஸ்ரார்ட் பண்ணாதை. கியர் நியூற்றலிலையோ? றேடியோவை நிற்பாட்டு. எண்ணு. வாயைத் திறக்காதை, எண்ணு.”

பிழை ஒன்றுமில்லை என்றால் விளக்கு ஒரே சீராக, வினாடிக்கு இரண்டு தரம், ஓயாமல் மின்னும். பிழை இருந்தால் முதல் இலக்கத்தை மின்னி, ஒன்றரை வினாடி நின்று, இரண்டாவது இலக்கத்தை மின்னும். அடுத்த பிழைக்கு முன் இரண்டரை வினாடி ஓய்வு. எல்லாம் முடிந்தால் நாலரை வினாடி ஓய்வெடுத்து மறுபடி முதலிலிருந்து. சின்ன இலக்கம் முதலில், பெரியது பிறகு. எது பாரதூரமானது என்ற கணக்கெல்லாம் அதற்கில்லை. பொறுமையில்லாதவர் இருபத்திரண்டை நாலு என்று எண்ணிவிட்டு, பட்டியலில் நாலு என்ற இலக்கமே இல்லையே என்று ரொயோட்டாவைத் திட்டுவார்.

எங்களுக்கு வந்தது அந்த இருபத்திரண்டுதான். தண்ணீர் வெப்பச் சென்சர். ஜனவரி மாதம், விடியற்காலையில் கார் ஸ்ரார்ட் ஆகத் தகராறு பண்ணியது. பக்கத்தில் நின்ற அதே மொடல் ஒரே சுழற்றில் கிளம்பியது.

இந்தச் சென்சர் எளிமையான சாமான். வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். 20 பாகை செல்சியசில் இரண்டு மூன்று கிலோ ஓம். 80 பாகையில் வெறும் இருநூறு முதல் நானூறு ஓம். உறைநிலைக்குக் கீழே 20 பாகை போனால் பத்துக் கிலோ ஓமுக்கு மேல். இதை வைத்துத்தான் எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா, எவ்வளவு எரிபொருள் கூட ஊற்றவேண்டும் என்று கொம்பியூற்றர் தீர்மானிக்கிறது. கம்பி அறுந்து தடை எல்லை மீறினால் கொம்பியூற்றர் திகைத்து நிற்பதில்லை. விளக்கை ஏற்றிவிட்டு, தண்ணீர் 80 பாகையில் இருக்கிறது என்று தானாகவே வைத்துக்கொள்கிறது. ரொறன்ரோவின் ஜனவரியில், மூக்குநுனி மரத்துப்போகிற குளிரில், எங்கள் கார் தன்னை நன்றாகச் சூடேறிய எஞ்சின் என்று நம்பிக்கொண்டு எரிபொருளைச் சிக்கனம் பிடித்தது. “இதுவும் இன்னும் ஊரிலைதான் இருக்குது” என்றார் அத்தான்.

கையேட்டைப் படித்தவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் சென்சர் வாங்கப் போவார்கள். அத்தான் போகவில்லை. காசு இல்லாதது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை அவர் இப்படிச் சொன்னார்: “உது வீட்டு நம்பர் இல்லை, தம்பி. ஒழுங்கையை மட்டும்தான் சொல்லுது. ஒழுங்கைக்குள்ளை எந்த வீடெண்டு நாங்கள்தான் போய்த் தட்டவேணும்.”

அந்த ஒழுங்கையில் இருந்தவை சென்சர், அதன் சொருகி, இரண்டு கம்பி, கொம்பியூற்றர். அவர் சொருகியைக் கழற்றி ரோச் லைற்றைப் பிடித்தார். உள்ளே இருந்த பித்தளை ஊசிகளில் ஒன்று பச்சை பூத்திருந்தது. வீதியில் பனி கரைக்க அள்ளிக் கொட்டுகிற உப்பு, தண்ணீரோடு ஏறி, இறப்பர் உறையின் வெடிப்புக்குள்ளால் புகுந்து வேலையைக் காட்டியிருந்தது. பச்சை பொடியாக உதிர்ந்தது. அக்காவின் நகம் அராவும் தகட்டால் சுரண்டி, ஊசியைக் கொஞ்சம் நெருக்கி, வசலின் பூசி மாட்டினார். பிறகு ஈ-எஃப்-ஐ என்று எழுதிய 15 அம்பியர் பியூஸைக் கழற்றி வைத்தார். அப்படிச் செய்தால்தான் ஞாபகத்திலிருந்து இலக்கம் அழியும். பத்து வினாடி போதும், ஆனால் குளிர் கூடக் கூட இன்னும் அதிக நேரம் வெளியே வைத்திருக்கவேண்டும் என்று கையேடு சொன்னது. குளிருக்குள் மறதிக்கும் நேரம் எடுக்கிறது. பியூஸைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றார்.

அந்த நகத் தகட்டைப் பற்றி அக்கா இன்றைக்கும் கேட்பதுண்டு.

எல்லா இலக்கங்களிலும் எனக்குப் பிடித்தது ஐம்பத்தொன்று. அது பழுதைச் சொல்லுவதில்லை. சோதிக்கிற நேரத்தில் குளிரூட்டி போட்டிருந்தாலோ, ஒட்டோமற்றிக் கியர் டிரைவில் இருந்தாலோ, பெற்றோல் மிதியில் கால் இருந்தாலோ ஐம்பத்தொன்று மின்னும். சோதிக்கிறவர் சரியாக உட்காரவில்லை என்று கார் சொல்லும் இலக்கம் அது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த ஒரு மாஸ்ரர் தன்னுடைய கொரோலாவைக் கொண்டுவந்து, தானே உள்ளே இருந்துதான் எண்ணுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். பனிச்சப்பாத்தோடு ஏறி உட்கார்ந்தார். திரும்பத் திரும்ப ஐம்பத்தொன்று.

“திறொட்டில் சென்சர்தான் பழுது” என்றார் மாஸ்ரர்.

“இல்லை மாஸ்ரர். காலை எடுங்கோ.”

“என்ரை கால் சும்மாதானே இருக்குது.”

“சும்மா இருக்கிற இடம் பிழை, மாஸ்ரர்.”

சப்பாத்தின் பருமனில் மிதி அமுங்கியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. காலை எடுத்தார். விளக்கு சீராக மின்னியது. காரில் ஒரு பிழையும் இல்லை. மாஸ்ரர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் ஒரு பழுதை எதிர்பார்த்து வந்தவர்.

நாற்பத்திரண்டு வேறு ரகம். அது கோள் சொல்லும். வேகச் சென்சரிலிருந்து சைகை வராவிட்டால் வருகிற இலக்கம். அந்தக் கொரோலாவில் வேகமீற்றருக்கு ஒரு கேபிள் ஓடியது. சென்சர் மீற்றருக்குள்ளேயே இருந்தது. பீற்சா ஓடுகிறவர்களில் சிலர், கிலோமீற்றர் ஏறினால் காரின் விலை இறங்குமே என்று அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடுவார்கள். விற்பதற்கு முதல்நாள் திருப்பி மாட்டுவார்கள். மீற்றர் அவர்கள் பக்கம்தான் சாட்சி சொல்லும். ஆனால் எஞ்சின் இப்படிச் சுழல்கிறது, சக்கரம் அசையவில்லையா என்று கொம்பியூற்றர் தன் பாட்டுக்கு எழுதி வைத்துவிடும். பியூஸைக் கழற்றி அதை அழிக்கத் தெரிந்தவருக்குக் கார் விற்கும் தொழிலில் எதிர்காலம் இருந்தது. தெரியாத ஒருவரிடம் அத்தான் ஒரு நண்பருக்காகக் கார் பார்க்கப் போனார். கிளிப்பைச் செருகினார், நாலு மின்னல், பிறகு இரண்டு.

“கேபிளை எப்ப திருப்பி மாட்டினீங்கள்?” என்று மட்டும் கேட்டார். விலை தானாக இறங்கியது.

இப்படியெல்லாம் சொல்லும்போது அந்தக் காலத்துக் கார் எல்லாம் அறிந்த ஞானி என்று தோன்றலாம். கிடையாது. அதற்குத் தெரிந்த இலக்கங்கள் இரண்டு டசினுக்குள் அடங்கும். பிளக் வயர் ஒழுகினால் தெரியாது. வேக்குவம் குழாய் வெடித்தாலும் அநேகமாகப் பேசாது. டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் ஈரம் புகுந்து நெடுஞ்சாலை நடுவில் நிறுத்திவிட்டபோதும் எங்கள் விளக்கு ஒன்றும் அறியாத பிள்ளையாக இருந்தது. பேப்பர் கிளிப் வைத்திருந்தவர்கள் எல்லாரும் நிபுணர்களும் இல்லை. இருபத்தொன்று என்றால் ஒட்சிசன் சென்சர் என்று பட்டியலில் கண்டவுடன் அதை வாங்கி மாட்டி, விளக்கு திரும்ப எரிய, இன்னொன்று வாங்கினவரை எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கொஞ்சப் பேர் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் ரேப் ஒட்டினார்கள். பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடலிலிருந்தும் கனடாவில் 1998இலிருந்தும் எல்லாக் காருக்கும் ஒரே பதினாறு ஊசிச் சொருகி, ஒரே இலக்க முறை. பி என்ற எழுத்தும் நாலு இலக்கமும். புகை வரம்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடிய பழுது என்றால் விளக்கு எரியவேண்டும். ரி-ஈ-1 துளையைத் தேடிய விரல்களுக்கு வேலையில்லாமல் போனது. இதில் ஒரு வேடிக்கை. எங்கள் காலத்தில் விளக்கு மின்னினால் கார் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அர்த்தம். பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவோம். புதிய முறையில் ஓடும்போது விளக்கு மின்னினால் எஞ்சின் தப்பித்தப்பி எரிகிறது, எரியாத பெற்றோல் கொன்வேட்டரைப் பொசுக்கப்போகிறது, உடனே வேகத்தைக் குறை என்று அர்த்தம். அத்தான் முதன்முதலில் புதுக் காரில் இதைக் கண்டபோது வீதியோரம் நிறுத்தவில்லை. எண்ணிக்கொண்டே ஓட்டினார்.

ஒன்ராறியோ அரசாங்கம் 1999இல் டிரைவ் கிளீன் என்று ஒரு புகைப் பரிசோதனையைத் தொடங்கியது. காரை உருளைகளின் மேல் ஏற்றி மணிக்கு 40 கிலோமீற்றரில் சக்கரத்தைச் சுழலவிட்டு, புகைக்குழாய்க்குள் குழாய் விட்டு மணந்து பார்ப்பார்கள். அதில் சித்தியடையாமல் இலக்கத் தகட்டைப் புதுப்பிக்க முடியாது. எஞ்சின் நன்றாகச் சூடாக இருந்தால் சித்தியடையும் வாய்ப்பு அதிகம் என்பதால், பரிசோதனைக்கு முன் 401 நெடுஞ்சாலையில் காரணமில்லாமல் மேற்கும் கிழக்கும் ஓடினவர்கள் ஏராளம். காற்றைச் சுத்தமாக்கும் திட்டத்துக்கு அது அவர்களின் பங்களிப்பு. 2013இலிருந்து, 1998ஆம் ஆண்டு மொடலுக்கும் அதற்குப் பிந்திய கார்களுக்கும் புகையை மணப்பதை விட்டார்கள். சொருகியில் கம்பியைப் போட்டு, நீ சுத்தமா என்று காரையே கேட்டார்கள். அன்று காலையில் பற்றரியைக் கழற்றி ஞாபகத்தை அழித்துவிட்டு வந்தவர்களைக் கார் காட்டிக்கொடுத்தது. சுய பரிசோதனைகளை இன்னும் முடிக்கவில்லை, நான் தயாரில்லை என்று சொல்லிவிடும். 2019 ஏப்ரலில் கார்களுக்கு அந்தப் பரிசோதனையே நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு விளக்கு எரிந்தால் ரேப் ஒட்டலாம். தகட்டுக்கு ஒரு பாதிப்புமில்லை. முப்பது வருஷத்துத் தொழில்நுட்பம் எங்களைச் சுற்றிக்கொண்டுவந்து அதே ரேப்பில் விட்டிருக்கிறது.

மருமகனின் கைப்பேசியோடு பேசுகிற அந்தக் குட்டிச் சொருகிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது அவனுக்குத் தெரியாது. கனடாவிலேயே எல்ம் இலெக்ரோனிக்ஸ் என்ற சின்ன நிறுவனம் இருந்தது. கார்களின் வெவ்வேறு பாஷைகளை ஒரே பாஷையாக்கும் ஈ-எல்-எம்327 என்ற சில்லை அது 2005 அளவில் வெளியிட்டது. அதன் முதல் பதிப்பில் உள்ளிருந்த நிரலைப் படியெடுக்க முடியாதபடி பூட்டி வைக்கவில்லை. அவ்வளவுதான், சீனாவில் பிரதிகள் பெருகின. இன்று உலகமெங்கும் இருபது டொலருக்கு விற்கும் சொருகிகளில் அநேகம் அந்தப் பிரதியின் பிரதி. மூல நிறுவனம் 2022இல் கடையை மூடியது. பிரதிகள் நன்றாக ஓடுகின்றன.

அந்த இருபது டொலர்ச் சாமானை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. அத்தானின் கிளிப் அதற்குக் கிட்டவும் நிற்காது. விளக்கு எரிந்த கணத்தில் கார் என்ன வேகத்தில் போனது, தண்ணீர் எத்தனை பாகை, எஞ்சின் எத்தனை சுற்று என்று அந்த நேரத்துக் கோலத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கும். ஓடும்போதே ஒட்சிசன் சென்சரின் வோல்ற்றேஜைக் கோடாக வரைந்து காட்டும். 1994இல் இதைக் காட்டியிருந்தால் அத்தான் அன்றிரவு பீற்சா கொண்டுபோயிருக்க மாட்டார். மருமகனிடம் இவ்வளவும் இருந்தது. அவன் முதல் திரையைத் தாண்டவில்லை. நோயின் பெயர் கிடைத்தது. பெயருக்குப் பக்கத்திலேயே வாங்கு என்ற பொத்தானும் இருந்தது.

“கோட்டைக் காட்டு” என்றேன்.

“எந்தக் கோடு?”

நாலு தரம் தட்டினால் வருகிற கோடு. கொன்வேட்டருக்குப் பின்னால் இருக்கிற சென்சரின் கோடு ஆடாமல் கிடந்தால் கொன்வேட்டர் வேலை செய்கிறது. நெடுஞ்சாலையில் அது ஆடாமல்தான் கிடந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் துள்ளியது. புகைக்குழாய்க்காரர் காரைத் தூக்கி ரோச் லைற் அடித்தார். சென்சருக்குச் சற்று முன்னால் இருந்த இணைப்பில் கேஸ்கற் தின்னப்பட்டு, வெளியே கரி ஒரு கோடாகப் படிந்திருந்தது. வெளிக்காற்று உள்ளே போகிற வழி. உப்பின் வேலை, அதே உப்பு. மருமகன் கேஸ்கற்றின் விலையைக் கேட்டு நம்பாமல் கைப்பேசியில் இன்னொரு தரம் தேடிப் பார்த்தான்.

இனிவரும் கார்களில் அந்த வசதியும் எவ்வளவு காலத்துக்கோ. 2015இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் ஒன்றை வீட்டிலிருந்தபடி இணையத்தின் ஊடாகக் கைப்பற்றி நிறுத்திக் காட்டினார்கள். 14 லட்சம் வாகனங்களைத் திருப்பி அழைக்கவேண்டி வந்தது. அதன் பிறகு, 2018 அளவிலிருந்து, கிறைஸ்லர் குழுமத்துக் கார்களில் சொருகிக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் வாசல் வந்தது. இலக்கத்தை வாசிக்கலாம். அழிப்பதற்குப் பதிவு செய்த கருவி வேண்டும், அதற்குக் கட்டணம் வேண்டும். ஒரு காலத்தில் இதே கொம்பனியின் வானில் திறப்பை மூன்று தரம் திருப்பினால் எல்லாவற்றையும் கொட்டியது.

அத்தானுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. 2007ஆம் ஆண்டுக் கம்றி ஒன்று வைத்திருக்கிறார். மகன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த குட்டிச் சொருகி மேசை இலாச்சிக்குள் இருக்கிறது. அது எஞ்சினோடு மட்டும்தான் கதைக்கும், பிரேக்கோடு கதைக்காது என்பது அவருடைய முறைப்பாடு; மலிவுச் சாமானைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் ரொயோட்டா அந்தப் பழைய வாசலை முழுதாக அடைத்துவிடவில்லை. பதினாறு ஊசிச் சொருகியில் நாலாவதையும் பதின்மூன்றாவதையும் இணைத்தால், ஏபிஎஸ் விளக்கும் காற்றுப்பை விளக்கும் இன்றும் மின்னும். போன பனிக்காலம் நான் போனபோது, ஒரு கால் காருக்குள்ளும் மற்றக் கால் பனிக்குள்ளுமாக, ஸ்ரேறிங்குக்குக் கீழே குனிந்து கிளிப்பைச் செருகிக்கொண்டிருந்தார். காரில் ஏதும் பழுது இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பிரேக் கொஞ்சம் வித்தியாசமாகப் பிடிக்கிறது என்று சொன்னார். என்ன வித்தியாசம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

விளக்குகள் இரண்டும் சீராக மின்னின. அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா சொல்லுது?”

“ஒண்டும் இல்லையாம்.”

“அதைக் கேக்கவோ இவ்வளவு நேரமும் பனிக்குள்ளை நிண்டனீங்கள்?”

அத்தான் நிமிரவில்லை. “பொறு, இன்னும் ஒருக்கா எண்ணிப் பாப்பம்” என்றார்.